கேட்டது திரும்பிப் போகட்டுமா?

திருத்தணி
11.8.2024

அன்புள்ள செல்விக்கு,

பத்மா எழுதிக்கொள்வது. இங்கே நான், என் வீட்டுக்காரர் கஜபதி, தையல் மெஷின் மூன்று பேரும் சௌக்கியம். நீ பெங்களூரில் நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? போனில் கேட்டிருக்கலாம். போன் போட்டால் ‘மீட்டிங்ல இருக்கேன், அப்புறம் கூப்பிடறேன்’ என்று குசுகுசுக்கிறாய். அந்த அப்புறம் இன்னும் வந்து சேரவில்லை. கடுதாசிக்கு மீட்டிங் கிடையாது. பிரித்தால் படித்துத்தான் ஆகவேண்டும்.

உன் பச்சை ஜாக்கெட் தைத்து முடித்துத் தனிப் பார்சலில் அனுப்பிவிட்டேன். அளவு ஜாக்கெட் வழக்கம்போல என் அலமாரியில், உன் பேர் எழுதின பையில் இருக்கிறது. இன்னும் அதே அளவுதானா, இல்லை அந்த ஊர் சாப்பாட்டில் ஊதிவிட்டாயா என்று எழுது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். போன வருஷம் ஆடிக் கிருத்திகைக்கு முன்னால் நீ ஒரு ஆப் அனுப்பினாயே, உங்கள் கம்பெனி செய்தது, ‘நேர்த்தி’ என்று பேர். மலை ஏற முடியாதவர்கள் வேண்டிக்கொண்டு மஞ்சள் துணியில் காசு முடிந்து வைப்பதை இதிலேயே செய்யலாம், ஒரே ஒரு ரூபாய்தான், உன் கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் சொல் என்றாய். நம் செல்வி கம்பெனி ஆயிற்றே என்று, அளவு கொடுக்க வந்தவர்கள் போனையெல்லாம் வாங்கி நானே என் கையால் ஏற்றிக் கொடுத்தேன். ஒவ்வொருத்தியும் கண்ணை மூடி ஒன்றை வேண்டிக்கொண்டு ஒரு ரூபாய் போட்டாள். போனுக்குள் மஞ்சள் துணி தானாக முடிச்சுப் போட்டுக்கொண்டது. பார்க்க அவ்வளவு லட்சணமாக இருந்தது.

அந்த ஒரு ரூபாய்க்குப் பிறகு மாதா மாதம் எல்லார் கணக்கிலிருந்தும் இருநூறு ரூபாய் போய்க்கொண்டே இருந்திருக்கிறதடி! மெசேஜ் ஏதோ இங்கிலீஷ் பேரில் வருமாம். போன் ரீசார்ஜ் என்று நினைத்துவிட்டார்கள். திருவாலங்காட்டு ஜெயம்மா கரும்புப் பணம் எடுக்க பேங்குக்குப் போனபோதுதான் குட்டு வெளிப்பட்டது.

அவள் நேராக என் கடைக்குத்தான் வந்தாள். “இன்னாமா பத்மா, ஒரு ரூபான்னு சொல்லிகினு எங்க போன்ல இன்னாத்த ஏத்திவுட்ட? உனுக்கு எவ்ளோ கமிஷன்?” என்று பஸ் ஸ்டாண்டு முழுக்கக் கேட்கிற மாதிரி கேட்டாள். அன்று சாயங்காலமே தாயம்மாள் வந்து, தைக்கக் கொடுத்த துணியை வெட்டுவதற்கு முன்னாலேயே திருப்பி வாங்கிக்கொண்டு போனாள். அவளைப் பார்த்து மற்றவர்களும். இத்தனை வருஷத்தில் என்னை யாரும் திருடி என்று சொன்னதில்லை செல்வி. மீந்த துணியில் ஒரு முழம்கூட நான் எடுத்து வைத்துக்கொண்டது கிடையாது, உனக்கே தெரியும்.

உன் ஆபீசில் சொல்லி உடனே நிறுத்தச் சொல். எடுத்ததைத் திருப்பிப் போடச் சொல். நீ சொன்னால் கேட்பார்கள்.

உன்
பத்மா


பெங்களூர்
20.8.2024

அன்புள்ள பத்மா,

கடிதம் கிடைத்தது. ஜாக்கெட்டும் கிடைத்தது. கழுத்து அருமை, ஆபீசில் இரண்டு பேர் எங்கே தைத்தது என்று கேட்டுவிட்டார்கள். நான் ஊதவில்லை, அதே அளவுதான்.

நீ எழுதியதைப் படித்துக் கஷ்டமாக இருந்தது. ஆனால் ஒன்று புரிந்துகொள். முதல் ரூபாய்க்குப் பிறகு மாதக் கட்டணம் உண்டு என்று அந்தப் பக்கத்தின் அடியில் போட்டிருக்கிறது. எழுத்து கொஞ்சம் சின்னது, அவ்வளவுதான். சட்டப்படி எல்லாம் சரி என்று எங்கள் ஆட்கள் சொல்கிறார்கள். நான் இங்கே திரையில் வரும் தமிழ் வாக்கியங்களை எழுதுகிறவள். பணம் என் பிரிவு இல்லை, அந்தப் பக்கம் நான் எட்டிப் பார்க்கக்கூட முடியாது.

யாருக்கும் வேண்டாம் என்றால் நிறுத்திக்கொள்ளலாம். ஆப்பைத் திறந்து கடைசி வரிக்குப் போனால் ‘என் முடிச்சு’ என்று இருக்கும். அதை அழுத்தினால் வழி காட்டும். ஒரு நிமிஷ வேலை.

உன் கணக்கில் போன பணத்தை நானே அனுப்பிவிடுகிறேன். இதைப் பெரிதாக்காதே பத்மா. உன்னைத் திருடி என்று சொன்னவர்கள் அடுத்த தீபாவளிக்கு உன்னிடம்தான் வந்து நிற்பார்கள், பாரேன்.

கஜபதி அண்ணன் கால் எப்படி இருக்கிறது? ஆட்டோ ஓட்டுகிறாரா?

அன்புடன்
தமிழ்செல்வி


திருத்தணி
1.9.2024

செல்வி,

உன் அண்ணன் கால் நன்றாக இருக்கிறது. ஆட்டோ கவிழ்ந்து உள்ளே கம்பி வைத்ததே, அந்தக் காலுக்காகத்தான் நானும் உன் ஆப்பில் முடிந்து வைத்தேன். இப்போது கனகம்மாசத்திரம் வரை சவாரி போகிறார்.

பணம் அனுப்புகிறேன் என்று எழுதினாய். வேண்டாம். எனக்கு மட்டும் திரும்பி வந்தால் ஜெயம்மா சொன்ன கமிஷன் அதுதான் என்று ஆகிவிடாதா? இதுகூடவா உனக்குத் தோன்றவில்லை?

நீ சொன்ன ஒரு நிமிஷ வேலையைச் செய்யத்தான் ஜெயம்மாவைக் கையோடு பிடித்து உட்காரவைத்தேன். கடைசி வரிக்குப் போனோம், ‘என் முடிச்சு’ வந்தது, அழுத்தினோம். திரை முழுக்க மஞ்சள் துணி. அதன் கீழே எழுத்து:

‘நீங்கள் முடிந்த காசைப் பாதியில் அவிழ்க்கிறீர்கள். கேட்டது திரும்பிப் போகட்டுமா?’

அதற்குக் கீழே ‘வேண்டாம் முருகா’ என்று பெரிதாகக் காவியில் ஒன்று. ‘ஆம், போகட்டும்’ என்று சாம்பல் நிறத்தில் எறும்பு சைஸில் இன்னொன்று.

ஜெயம்மா போனைத் தரையில் வைத்துவிட்டாள். அவள் முடிந்தது அவள் தங்கை ஷோபனாவுக்காக. கல்யாணமாகி எட்டு வருஷம் கழித்து இப்போதுதான் அந்தப் பெண்ணுக்கு நின்றிருக்கிறது. “வவுத்துல புள்ளைய வெச்சிகினு கீறா. நான் எப்டிமா போகட்டும்னு அமுக்குவேன்? இருநூறு போனா போவுது, வுடு” என்று அழுதாள். பேங்க் பக்கமிருந்து நிறுத்தலாம் என்றேன். அதற்கும் மாட்டாளாம். எந்தப் பக்கமிருந்து நிறுத்தினாலும் அவிழ்ப்பது அவிழ்ப்பதுதானே என்கிறாள். மற்றவர்களும் அந்தத் திரை வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்தவர்கள்தானாம். என்னிடம் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

அந்த வாக்கியத்தை நான் இரண்டு தடவை படித்தேன். பத்தாவது பரீட்சைக்கு முன்னால் நீயும் நானும் ஒரே துணியில் காசு முடிந்துகொண்டு மலை ஏறினோமே, ஞாபகம் இருக்கிறதா? உனக்குக் கணக்கில் பாஸாகவேண்டும். பாதிப் படியில் வெள்ளரிக்காய்க்காரியைப் பார்த்ததும் உனக்கு நாக்கு ஊறி, முடிச்சை அவிழ்க்கப் போனாய். நான் உன் கையில் ஒரு அடி போட்டு, ‘அவுக்காதடி, கேட்டது திரும்பிப் போயிடும்’ என்றேன். நீ பயந்து அப்படியே முடிந்துகொண்டாய்.

அது சாஸ்திரம் இல்லை செல்வி. காசு முடிவதுதான் ஊர் வழக்கம். திரும்பிப் போயிடும் என்பது அன்றைக்கு உன்னைத் தடுக்க என் வாய்க்கு வந்தது. அதை இந்த உலகத்தில் கேட்டவள் நீ ஒருத்தி.

பெங்களூரில் உட்கார்ந்துகொண்டு அதை யார் எழுதினார்கள்? சொல்.

பத்மா


பெங்களூர்
10.9.2024

பத்மா,

நான்தான்.

எப்படி எழுதுவது என்று இரண்டு நாளாக உட்கார்ந்திருந்தேன். ஒரு மீட்டிங். விட்டுவிட்டுப் போகிறவர்கள் அதிகமாகிவிட்டார்கள் என்று பேச்சு. ‘உங்கள் ஊர்ப் பக்கம் ஜனங்கள் எதைப் பாதியில் விடமாட்டார்கள்?’ என்று மேலே இருப்பவர் என்னைக் கேட்டார். அந்த ஆபீசில் சேர்ந்து அதுவரை யாரும் என்னிடம் எதுவும் கேட்டதில்லை. மொழிபெயர்த்துக் கொடு, போ, அவ்வளவுதான். எனக்கு ஒரே சந்தோஷம். வெள்ளரிக்காய்க் கதையைச் சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள், கை தட்டினார்கள்.

பிறகு மூன்று விதமாக எழுதச் சொன்னார்கள். ஒன்று, வெறும் ‘நிறுத்து’. இன்னொன்று கொஞ்சம் மரியாதையாக. மூன்றாவது அது. மூன்றையும் கொஞ்ச நாள் விட்டுப் பார்த்தார்கள். மூன்றாவதில்தான் வெளியே போகிறவர்கள் ரொம்பக் குறைவு. அதையே வைத்துக்கொண்டார்கள். அந்த வாரம் எனக்காகக் கேக் வெட்டினார்கள் பத்மா. நானும் சாப்பிட்டேன்.

அப்போது அது எனக்கு ஒரு நல்ல வாக்கியம், அவ்வளவுதான். அதன் அந்தப் பக்கத்தில் ஒரு ஜெயம்மா நிற்பாள் என்று நான் நினைக்கவில்லை. உன் கடிதத்தைப் படித்த பிறகு அந்த ஷோபனா என் கண்ணிலேயே நிற்கிறாள்.

நீ இதை எங்கேயாவது புகார் கொடுத்தால் அது நேராக என்னிடம்தான் வந்து நிற்கும். இந்த வேலையை நம்பித்தான் வீடு வாங்கியிருக்கிறேன். உன் கஸ்டமர் எல்லாருக்கும் போன பணத்தை நான் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துவிடுகிறேன். வழக்கு கிழக்கு என்று மட்டும் போகாதே. உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

செல்வி


திருத்தணி
22.9.2024

செல்விக்கு,

முருகன் கோபம் தணிந்த மலை அடிவாரத்திலேயே குடியிருக்கிறேன். எனக்குத் தணியவில்லை.

உன் பணம் யாருக்கு வேண்டும்? நீ கொடுத்துவிட்டால் பத்மா அகப்பட்டுக்கொண்டாள், வாயை மூடக் காசு கொடுத்தாள் என்பார்கள். அந்தக் கம்பெனிக்காரன் கேக்கைத் தின்றுவிட்டு அடுத்த ஊருக்குப் போவான். எடுத்தவன் தரவேண்டும். எல்லார் முன்னாலும் தரவேண்டும். அப்போதுதான் என் பேர் எனக்குத் திரும்பி வரும்.

உன் கடிதம் வந்த மறுநாள் கடையில் எல்லாரையும் கூப்பிட்டு உட்காரவைத்தேன். உன் பேரைச் சொல்லவில்லை. “இது சாமி சொன்னது இல்லை, நான் சொன்னது, வெள்ளரிக்காய் விஷயத்தில் ஒரு பெண்ணை ஏய்க்கச் சொன்னது” என்றேன். நம்பவில்லை. “அப்டின்னா நீ அமுக்கு, பாக்கலாம்” என்றாள் தாயம்மாள்.

என் வீட்டுக்காரரை வாசலில் நிற்கவைத்தேன். அவர் எதிரிலேயே ‘ஆம், போகட்டும்’ என்று அழுத்தினேன். பொய் சொல்ல மாட்டேன், அழுத்துவதற்கு முன்னால் நானும் ஒரு தடவை மலைப் பக்கம் பார்த்துக்கொண்டேன். எல்லாரும் அவர் காலையே பார்த்தார்கள். அவர் காலைத் தூக்கி ஒரு உதறு உதறிவிட்டு, “ஆங், கீது. டீ சாப்ட்டு வரேன்” என்று நடந்து போய்விட்டார். அப்புறம் என்ன, வரிசையாக அழுத்தினார்கள். தாயம்மாள் அழுத்திவிட்டுத் தானே கை தட்டிக்கொண்டாள். ஜெயம்மா மட்டும் மாட்டேன் என்றாள். பிள்ளை பிறக்கட்டும், அதுவரைக்கும் கட்டுகிறேன் என்று சொல்லிவிட்டாள். அவளை நான் வற்புறுத்தவில்லை.

வக்கீல் பிரியங்காவிடம் பேசிவிட்டேன். நம் ஊர் கோர்ட்டில் புதிதாகப் பிராக்டிஸ் பண்ணுகிற பெண். அவள் கறுப்புக் கோட்டுக்கு லைனிங் மாற்றிக் கொடுத்தது நான்தான். “தனித்தனியா போட்டா தனித்தனியா அலையணும்க்கா. ஒரே மாரி ஏமாந்தவங்க எல்லாருக்கும் சேத்து ஒருத்தரே நின்னு நுகர்வோர் கோர்ட்ல போடலாம். பர்மிஷன் வாங்கிப் பேப்பர்ல விளம்பரம் குடுத்துட்டா, எந்த ஊர்ல ஏமாந்தவங்களுக்கும் அந்தத் தீர்ப்பு சேரும்” என்றாள். அந்த ஒருத்தி நான்தான். திருவள்ளூரில் போடப்போகிறேன்.

உன்னைப் பற்றி அவளிடம் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். அது நீ சொல்லவேண்டியது.

இத்துடன் உன் அளவு ஜாக்கெட்டைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அந்த ஊரில் நல்ல தையல்காரிகள் இருப்பார்கள். என் வாய்ச்சொல்லை எடுத்து என் கடைக்கு வருகிறவர்களையே கட்டிப்போட்டாய். உன் அளவு இனிமேல் என் அலமாரியில் எதற்கு?

பத்மா


திருத்தணி
2.2.2025

செல்விக்கு,

நீ பதில் போடவில்லை. நான் பதில் போடுகிற மாதிரி எழுதவும் இல்லை. பார்சல் கிடைத்ததா என்றுகூடத் தெரியவில்லை. போஸ்ட்மேன் கடைப் பக்கம் சைக்கிளைத் திருப்பும்போதெல்லாம் மெஷினை நிறுத்திவிடுகிறேன். அவர் எதிர்க் கடைக்குப் போகிறார்.

கோர்ட் அனுமதி கொடுத்துவிட்டது. கம்பெனி வக்கீல் எவ்வளவோ தடுத்துப் பார்த்தார். இருநூறு ரூபாய்க்கு இவ்வளவு பெரிய வழக்கா என்றார். பேப்பரில் விளம்பரம் வந்தது. செல்வி, நீ பார்க்கவேண்டுமே! அரக்கோணத்தில் ரயில்வே குவார்ட்டர்ஸிலிருந்து ஒரு கூட்டமே பேசியது. நகரியிலிருந்து தெலுங்கில் பேசினார்கள், பழனியிலிருந்து பேசினார்கள். எல்லாருக்கும் அதே திரை, அதே வாக்கியம், ஒருத்தியும் அழுத்தவில்லை. என் வாய்ச்சொல் இவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

தாயம்மாள் துணியைத் திருப்பிக் கொண்டுவந்து கொடுத்தாள். கூட இரண்டு துணி சேர்த்து வைத்துவிட்டுப் போனாள். ஆனால் பாதிப் பேர் இன்னும் தள்ளி நின்று பார்க்கிறார்கள். ஜெயித்தால்தான் நம்புவார்கள் போலிருக்கிறது.

வழக்குப் போட்ட அன்று, நிஜமான மஞ்சள் துணியில் நிஜமான காசு முடிந்து வைத்தேன். ஜெயிக்கவேண்டும் என்று ஒன்று. இன்னொன்றும் வேண்டிக்கொண்டேன். அதை எழுதமாட்டேன்.

உன் மேல் கோபமாகத்தான் இருக்கிறேன். நீ இல்லாமலிருப்பதும் எனக்குப் பிடிக்கவில்லை.

பத்மா


திருத்தணி
17.5.2025

செல்வி,

நேற்று நடந்ததை உனக்கு எழுதாவிட்டால் எனக்கு வெடித்துவிடும். ஆகவே படி.

நாங்கள் எல்லாரும் காலை ரயிலில் திருவள்ளூர் போனோம். புளிச்சாதம் கட்டிக்கொண்டு வந்தது, கடைக்கு வருகிற கௌரியம்மாள். ஜெயம்மா, தங்கை ஷோபனாவையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். மடியில் பெண் குழந்தை, ஆறு மாசம், கொழுக்கட்டை மாதிரி. கோர்ட்டில் எங்கள் பெஞ்சு நிரம்பிச் சுவரோரமும் நின்றார்கள்.

கம்பெனி வக்கீல் எழுந்து, “நிறுத்துவதற்கு வசதி இருக்கிறது. ஒரு முறை அழுத்தினால் போதும். இவர்கள்தான் அழுத்தவில்லை” என்றார். நல்ல கம்பீரமான குரல். எங்களுக்கே ஒரு நிமிஷம் தப்பு நம் மேல்தானோ என்று தோன்றிவிட்டது.

மேலே தலைவருக்குப் பக்கத்தில் ஒரு அம்மா உறுப்பினராக உட்கார்ந்திருந்தார். அவர் பிரியங்காவிடம், “அந்தத் திரையை யார் போன்லயாவது எடுத்துக் குடுங்க” என்றார். ஜெயம்மா போனைக் கொடுத்தோம், பிள்ளை பிறந்தும் மனசு வராமல் அவள்தான் இன்னும் அவிழ்க்கவில்லையே. அந்த அம்மா அதை வாங்கி வக்கீல் கையில் கொடுத்து, “நீங்களே அழுத்திக் காட்டுங்க” என்றார்.

வக்கீல் படித்தார். கட்டைவிரலைத் தூக்கினார். அந்த நேரம் பார்த்து ஷோபனா குழந்தை ‘ங்கா’ என்று ஒரு சத்தம் போட்டது. அவர் திரும்பிக் குழந்தையைப் பார்த்தார். விரல் அப்படியே நின்றது. போனை மேஜையில் வைத்துவிட்டு, “இது என்னோட வேண்டுதல் இல்லைங்க மேடம்” என்றார்.

“அதேதான். அவங்களோடது” என்றார் அந்த அம்மா.

வக்கீலும் விடவில்லை. இது அந்த வட்டாரத்து மூடநம்பிக்கை, அதற்குக் கம்பெனி பொறுப்பாக முடியாது என்று ஆரம்பித்தார். அப்போது பிரியங்கா எழுந்து, முந்தின நாள் தபாலில் வந்த ஒரு பிரமாணப் பத்திரம் இருக்கிறது, படிக்க அனுமதி வேண்டும் என்றாள். எனக்கு ஒன்றும் தெரியாது. அவள் என்னிடம்கூடச் சொல்லவில்லை.

‘தமிழ்செல்வி ஆகிய நான்’ என்று அவள் ஆரம்பித்ததும் நான் பெஞ்சின் நுனிக்கு வந்துவிட்டேன்.

அது ஊர் நம்பிக்கை அல்ல, என் தோழி சிறு வயதில் என்னிடம் விளையாட்டாகச் சொன்னது, அதைக் கம்பெனிக்குக் கொடுத்தது நான், மூன்று வாக்கியங்களை வைத்துப் பார்த்து யாரும் வெளியே போகமுடியாத வாக்கியம் எது என்று தெரிந்தே இதை வைத்துக்கொண்டார்கள், ‘நிறுத்து’ என்ற ஒரே சொல்லும் அப்போது கையில் இருந்தது, வேண்டாம் என்று ஒதுக்கினார்கள். எல்லாவற்றையும் எழுதியிருந்தாய். பத்மா என்பவர் யாரிடமும் எந்தக் கமிஷனும் வாங்கவில்லை, அவரையும் நான்தான் நம்பவைத்தேன் என்றும் எழுதியிருந்தாய். பிரியங்கா அந்த வரியைப் பொறுமையாக இரண்டாம் தடவையும் படித்தாள். ஜெயம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். விடவே இல்லை.

அடுத்து, கேக் வெட்டினதைப் படித்தாள். பின்னாலிருந்து தாயம்மாள், “கேக்கு வேற வெட்னாங்களா!” என்றாள். அவ்வளவுதான், எல்லாரும் சிரித்துவிட்டார்கள். தலைவர் அமைதி அமைதி என்று தட்டினார், ஆனால் அவரும் குனிந்து எதையோ தேடுகிற மாதிரி முகத்தை மறைத்துக்கொண்டார். கம்பெனி வக்கீல் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார்.

தீர்ப்பு பிறகு சொல்வார்களாம். எனக்கு நேற்றே தீர்ப்பு வந்துவிட்டது. திரும்பி வரும்போது ரயில் பெட்டி முழுக்க உன் பேச்சுதான். “அந்தப் பொண்ணு யாருமா, ரொம்ப தகிரியம்” என்றார்கள். என் சிநேகிதி என்றேன்.

வேலை என்ன ஆயிற்று? எழுது. திட்டியாவது எழுது.

உன்
பத்மா


திருத்தணி
20.7.2025

அன்புள்ள செல்விக்கு,

ஜெயித்துவிட்டோமடி!

தீர்ப்பு வந்த அன்றே சொல்லியிருப்பேன். பணம் கைக்கு வராமல் எதையும் சொல்லக்கூடாது என்று உன் அண்ணன் என் வாயைக் கட்டிவிட்டார். எடுத்த பணம் முழுவதும் வட்டியோடு, எங்களுக்கு மட்டும் இல்லை, அந்த ஆப்பில் காசு முடிந்த எல்லாருக்கும், எந்த ஊராக இருந்தாலும். அலைச்சலுக்குத் தனியாக நஷ்ட ஈடு. கம்பெனி மேல்முறையீடு போகும் என்றார்கள். போகவில்லை. உன் பத்திரம் மேலே போனால் இன்னும் எத்தனை ஊர் கிளம்புமோ என்று பயந்து கட்டிவிட்டார்கள் என்கிறாள் பிரியங்கா.

வெள்ளிக்கிழமை மத்தியானம் கடையில் ஆடித் தள்ளுபடிக் கூட்டம். எடுத்த புடவைக்கெல்லாம் ஜாக்கெட் வேண்டும் என்று நிற்கிறார்கள். முதலில் கௌரியம்மாள் போன் ‘டிங்’ என்றது. அவள் பார்ப்பதற்குள் பக்கத்தில் ஒன்று, வாசலில் ஒன்று. அப்புறம் மழை பிடித்துக்கொண்ட மாதிரி கடை முழுக்க டிங் டிங் என்று ஒரே சத்தம். கத்தரிக்கோலைக் கையில் வைத்துக்கொண்டே நான் அழுதேன், அவர்கள் சிரித்தார்கள். உன் அண்ணன் ஆட்டோ ஹாரனை விடாமல் அடித்ததில் டிராபிக் போலீஸ் வந்துவிட்டார். அவர் மனைவி போனும் அடித்திருக்கிறதாம், நாங்கள் கொடுத்த மைசூர்பாகை வாங்கிக்கொண்டு போனார்.

ஜெயம்மா எல்லார் முன்னாலும், “நான் பேசனது தப்பு பத்மா” என்றாள். குழந்தைக்குப் பட்டுப் பாவாடை தைக்கத் துணி கொடுத்தாள். அளவு எடுக்கப் போனால் அந்தக் குட்டி டேப்பைக் கடிக்கிறது.

இன்னொன்று கேள். அந்தத் திரையை எடுக்கச் சொல்லிக் கோர்ட் உத்தரவு. நேற்று ஜெயம்மா போனில் பார்த்தோம். மஞ்சள் துணி இல்லை, காவி இல்லை, வாக்கியம் இல்லை. நல்ல பெரிய எழுத்தில் ‘நிறுத்து’ என்று ஒரே ஒரு சொல். ஜெயம்மா குழந்தை விரலைப் பிடித்து அதை அழுத்தினாள்.

என் மஞ்சள் துணி மட்டும் இன்னும் அப்படியே இருக்கிறது. ஜெயித்த அன்றே மலைக்குப் போய் உண்டியலில் போட்டிருக்கவேண்டும். முடியவில்லை. அதில் இரண்டு வேண்டுதல் இருக்கிறது, ஒன்றுதான் பலித்திருக்கிறது. ஆகஸ்டில் கிருத்திகை. உன் பேர் எழுதின பையை நான் தூக்கிப் போடவில்லை. காலியாக அலமாரியில் அதே இடத்தில்தான் இருக்கிறது. உன் அளவு ஜாக்கெட்டை அனுப்பு. உனக்கு ஒரு மாம்பழ நிறத்தில் தைத்து வைக்கிறேன்.

உன்
பத்மா


பெங்களூர்
1.8.2025

அன்புள்ள பத்மாவுக்கு,

உன் கடிதங்கள் எல்லாம் வந்தன. எல்லாவற்றையும் திரும்பத் திரும்பப் படித்தேன். பிப்ரவரியில் நீ எழுதினாயே, நான் இல்லாமலிருப்பது பிடிக்கவில்லை என்று, அதைப் படித்த பிறகுதான் அந்தப் பத்திரத்தை எழுத உட்கார்ந்தேன். கையெழுத்துப் போட மேலும் மூன்று மாதம் பிடித்தது. பயந்தாங்கொள்ளி என்று நீ சொல்வாய். சரிதான்.

வேலையை அவர்கள் எடுப்பதற்கு முன்னால் நானே விட்டுவிட்டேன். இப்போது மருந்துக் கம்பெனி ஒன்றுக்கு, டப்பாவுக்குள் வைக்கும் காகிதத்தைத் தமிழில் எழுதித் தருகிறேன். சம்பளம் குறைவு. வீட்டில் ஒரு அறையை வாடகைக்கு விட்டிருக்கிறேன். ஆனால் ‘சாப்பாட்டுக்குப் பின்’ என்று எழுதினால் அதற்குச் சாப்பாட்டுக்குப் பின் என்று மட்டும்தான் அர்த்தம். தூக்கம் நன்றாக வருகிறது.

டிங் டிங் என்று நீ எழுதிய பக்கத்தைப் பஸ்ஸில் படித்துச் சத்தமாகச் சிரித்துவிட்டேன். பக்கத்து சீட்டுக்காரி என்ன என்றாள். ‘எங்க ஊர்ல நாங்க ஜெயிச்சிட்டோம்’ என்றேன். நாங்கள் என்று சொன்னது சரிதானா? தப்பென்றால் நேரில் அடித்துக்கொள்.

அளவு ஜாக்கெட்டை அனுப்பவில்லை. அது இப்போது தொளதொள என்று இருக்கிறது, எதற்கும் உதவாது. கிருத்திகைக்கு முந்தின நாள் காலை அரக்கோணத்தில் இறங்குகிறேன். கஜபதி அண்ணனை ஆட்டோவோடு ஸ்டேஷனுக்கு வரச் சொல். டேப்பை எடுத்து வை, ஆளே வருகிறேன், அளந்துகொள்.

மறுநாள் சேர்ந்து மலை ஏறுவோம். காசு உன் கையில் இருக்கட்டும். நடுவில் வெள்ளரிக்காய்க்காரி இருந்தால் பணம் நான் கொடுக்கிறேன்.

உன்
செல்வி